தண்டம் கட்டினால் வழக்கு முடிந்துவிடுமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். திருக்கோணமலையில் இருந்து கனடா வந்து எட்டு மாதம், பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) கையில் இருக்கிறது. கூட வந்த மச்சான் ஸ்காபரோவில் குடித்துவிட்டுக் கார் ஓடிப் பிடிபட்டார். முதல் தடவை என்பதால் தண்டம்தான் வரும் என்கிறார்கள். ஒப்புக்கொண்டு கட்டிவிடலாமா? படங்களில் வருகிற ஃபர்ஸ்ட் டிகிரி, செகண்ட் டிகிரி இதற்கும் உண்டா?

டிகிரி கதையை முதலில் முடித்துவிடுகிறேன். கனடாவில் அது கொலைக்கு மட்டும்தான். இரண்டுக்கும் ஆயுள் தண்டனை. முதலாவதில் 25 வருடம் கழியாமல் பரோல் இல்லை, இரண்டாவதில் 10க்கும் 25க்கும் இடையில் நீதிபதி நிர்ணயிப்பார். மற்றக் குற்றங்களைப் பிரிப்பது வேறு மாதிரி. சின்னவை சமரி: கூடினால் இரண்டு வருடத்துக்கு ஒரு நாள் குறைய மறியல் (சிறை), 5,000 டொலர் வரை தண்டம். பெரியவை இன்டைட்டபிள். நடுவில் ஹைபிரிட் என்று ஒன்று; எந்த வழியில் கொண்டுபோவது என்பதை அரச வழக்கறிஞர் முடிவெடுப்பார். 5,000 டொலருக்குக் குறைந்த களவு, சாதாரண அடிதடி, குடித்துவிட்டு ஓடுவது எல்லாம் இந்த நடுப்பெட்டிக்குள்தான். வேகமாக ஓடி வாங்கும் சாதாரண டிக்கெட் மாகாணச் சட்டம், அதைக் கிரிமினலோடு குழப்ப வேண்டாம்.

என்னைக் கேட்டால், நம்மவர் விழுவது இந்த நடுப்பெட்டியில்தான். ஊரில் பழகினது அப்படி. போக்குவரத்துப் பொலிஸ் தண்டச்சீட்டு எழுதினால் தபால் கந்தோரில் கட்டிவிட்டு லைசன்ஸை வாங்கிவிடுவோம். கொஞ்சம் பெரிதென்றால் நீதவான் முன்னால் நின்று "ஒப்புக்கொள்கிறேன் ஐயா", காசைக் கட்டு, அநுராதபுரச் சந்தியில் ஒரு பிளேன்டீ. வழக்கு அத்தோடு செத்தது.

2019இல் எங்கள் பேஸ்மென்டில் உப்புவெளிப் பெடியன் ஒருவன் வாடகைக்கு இருந்தான். பி.ஆர்.காரன். இதே வழக்கு. கூட்டாளிகள் சொன்னபடி ஒப்புக்கொண்டான். முதல் தடவைக்குக் குறைந்தபட்சம் 1,000 டொலர், ஒரு வருடம் கார் தொடக்கூடாது. கட்டினான், பஸ்ஸில் வேலைக்குப் போனான். பிறகு ஒருநாள் குடிவரவிலிருந்து கடிதம்: கனடாவில் இருக்க உனக்குத் தகுதி இல்லை என்று அறிக்கை எழுதப்பட்டிருக்கிறது. பாவம், தண்டம் கட்டின ரசீதை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு படியேறி வந்தான். "அண்ணை, காசு கட்டியாச்சு. இவங்களுக்குத் தெரியேல்லைப் போல."

அவர்களுக்குத் தெரியும். குடியேற்றச் சட்டம் உங்களுக்குக் கிடைத்த தண்டனையோடு நிற்பதில்லை, அந்தக் குற்றத்துக்குச் சட்டப் புத்தகத்தில் உள்ள அதிகபட்சத்தையும் பார்க்கும். அது 10 வருடம் அல்லது அதற்கு மேல் என்றால் பாரிய குற்றம், பி.ஆர். ஆட்டம் காணும். குடித்துவிட்டு ஓடுவதற்கு முன்பு அதிகபட்சம் 5 வருடம்தான். 2018 டிசம்பரில் 10 ஆக்கினார்கள். ஹைபிரிட்டை அரச வழக்கறிஞர் சமரியாகவே கொண்டுபோனாலும் குடியேற்றக் கணக்கில் அது இன்டைட்டபிள். ஸ்டூடன்ட் விசா, வேர்க் பெர்மிட்காரருக்கு இன்னும் மோசம், 10 வருடக் கணக்குகூடப் பார்க்கத் தேவையில்லை, இன்டைட்டபிள் அல்லது ஹைபிரிட் ஒன்றில் குற்றவாளியானாலே போதும். குடியுரிமை எடுத்தவரை இந்தக் கதவால் அனுப்ப முடியாது.

பெடியன் மறியலுக்குப் போகாததால் மேன்முறையீடு செய்ய வழி இருந்தது. 6 மாதமோ அதற்கு மேலோ மறியல் விழுந்திருந்தால் அதுவும் அடைபட்டிருக்கும். இரண்டு வருடம் இழுபட்டுத் தப்பினான். சட்டத்தரணிக்குப் போன காசு அந்த 1,000 டொலரைவிடப் பல மடங்கு.

ஆகவே மச்சான் ஒன்றையும் ஒப்புக்கொள்ள முதல் கிரிமினல் சட்டத்தரணி ஒருவரைப் பார்க்கட்டும், "நான் பி.ஆர்." என்பதை முதல் வசனமாகச் சொல்லட்டும். தண்டனை குடியேற்றத்தில் என்ன செய்யும் என்பதை நீதிபதி கணக்கில் எடுக்கலாம் என்று 2013இல் கனடிய உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் யாராவது எடுத்துச் சொன்னால்தானே. காசில்லை என்றால் லீகல் எய்ட் (இலவச சட்ட உதவி) கேட்டுப் பார்க்கலாம்.

சரி, இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. பொலிஸ் கொடுத்த தாளில் விரல் அடையாளம் எடுக்க வரச்சொல்லித் திகதி போட்டிருக்கும், நீதிமன்றத் திகதிக்கு முன்னாலேயே அது வரும். அதைத் தவறவிட்டால் அது தனிக் குற்றம். அந்தத் தாளை எடுத்துத் திகதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.