லூப்பிலிருந்து டிராக் வரை: எலெக்ட்ரானிக் இசை கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் எலெக்ட்ரானிக் இசைத் தயாரிப்பைப் பற்றியவை. ஒலிப்பதிவிலும் மிக்ஸிங்கிலும் நாள்தோறும் வேலை செய்பவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லேப்டாப்பில் 8 ஜிபி ரேம். கையில் 50,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. கடையில் 5 இன்ச் ஸ்டுடியோ மானிட்டர் ஒரு ஜோடி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

இப்போதைக்கு வேண்டாம். 5 இன்ச் மானிட்டர் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பது குறைவு. அப்படியே கேட்டாலும், சரிசெய்யாத அறையில் அதை நம்பி முடிவெடுக்க முடியாது. ஏன் என்பதை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் ரேமை 16 ஜிபி ஆக்க முடியுமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். சில லேப்டாப்களில் ரேம் போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள், அதை மாற்ற வராது. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்.எஸ்.டி.க்கு மாறுங்கள். அடுத்தது நல்ல ஹெட்போன் ஒன்று: சோனி எம்.டி.ஆர்.-7506, ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ், பெயர்டைனமிக் டி.டி.770 ஆகியவற்றில் எதுவானாலும் சரி. எதை வாங்கினாலும், உங்களுக்கு அத்துப்படியான பாடல்களை எல்லாம் அதிலேயே கேட்டுக் காதைப் பழக்க வேண்டும். அடிக்கடி ஹெட்போன் மாற்றுகிறவர் மிக்ஸ் ஒருநாளும் நிலைக்காது. புளூடூத் ஹெட்போன் ஆகவே ஆகாது. கீயை அழுத்திக் கண்ணுக்குத் தெரிகிற அளவு தாமதித்துத்தான் ஒலி வரும்.

பிறகு மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், 25 கீ மிடி கீபோர்டு. இன்டர்ஃபேஸின் சொந்த ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருள்) நிறுவி, வாசிக்கும்போது பஃபரை (ஒலி காத்திருக்கும் இடைச்சேமிப்பு) 128 சாம்பிளில் வையுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 3 மில்லி செகண்டு தாமதம், விரலுக்குத் தெரியாது. மிக்ஸ் செய்யும்போது 512 அல்லது 1024-க்கு ஏற்றிவிடுங்கள். ஏற்றாவிட்டால் பிளக்-இன்கள் (மென்பொருளில் சேர்க்கும் துணைக் கருவிகள்) கூடக்கூட ஒலி நொறுங்கும்.

மென்பொருளில் எஃப்.எல். ஸ்டுடியோவை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் பிற்காலப் பதிப்புகள் எல்லாம் இலவசம். ஆனால் அதன் மிகக் குறைந்த 'ஃப்ரூட்டி' பதிப்பில் மைக் வைத்துக் குரலைப் பதிய முடியாது, 'புரொட்யூசர்' பதிப்பு வேண்டும். ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு சோதித்துவிட்டு வாங்கலாம். பல இன்டர்ஃபேஸ்களோடு ஏபிள்டன் லைவ் லைட் சேர்ந்தே வருகிறது. சின்த்துக்கு (ஒலியை உருவாக்கும் மென்பொருள் கருவி) வைட்டல், சர்ஜ் எக்ஸ்.டி. இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன, இரண்டு வருஷத்துக்கு வேறு எதுவும் தேவைப்படாது. கிராக் செய்த பிளக்-இன்களைத் தொடாதீர்கள். வைரஸ் ஒரு பக்கம் இருக்க, ஒரு விண்டோஸ் அப்டேட் வந்ததும் பழைய புராஜெக்ட் திறக்காமல் போகும்.

ஹெட்போனிலும் என் அறை ஸ்பீக்கரிலும் நன்றாக இருக்கிற டிராக், நண்பன் காரில் போட்டால் 'டம் டம்' என்று ஊதுகிறது. போனில் பேஸே இல்லை. 10-க்கு 10 அறை, நடுவில் மேசை. எங்கே தப்பு?
– வாசகர், திருப்பூர்

தப்பு அறையில் இருக்கிறது. கணக்குப் போட்டே காட்டலாம். 10 அடி என்பது 3.05 மீட்டர். ஒலி செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலை சரியாக அடங்கும் இடம் 343-ஐ 6.1-ஆல் வகுத்தால் வரும்: ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ். அந்த அலைக்கு அறையின் நட்டநடுவில் அழுத்தமே இருக்காது. நீங்கள் உட்கார்ந்திருப்பது அங்கேதான். கிக், அதாவது தாளத்தின் அடி டிரம், பெரும்பாலும் 45 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள் விழும். அது உங்கள் காதுக்கு எட்டாததால் ஈக்வலைசரில் ஏற்றுகிறீர்கள். அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸ் வாக்கில் நடுவில் அழுத்தம் உச்சம், அது பருத்துக் கேட்பதால் குறைக்கிறீர்கள். காருக்குள் போனதும் இரண்டு தவறும் ஒரே நேரத்தில் வெளிப்படுகின்றன. நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பது இதை இன்னும் கெடுக்கிறது. உயரமும் 10 அடி என்றால் மூன்று திசையிலும் அதே 56-தான்.

சோதித்துப் பாருங்கள். சின்த்தில் வெறும் சைன் ஒலியை 55 ஹெர்ட்ஸில் நீட்டிப் பிடித்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து மெல்லச் சுவர்ப் பக்கம் நடந்து போங்கள். நடுவில் இல்லாத ஒலி மூலையில் வயிற்றில் இடிக்கும்.

மேசையை ஒரு சுவரை ஒட்டி நகர்த்துங்கள். உங்கள் தலை முன்சுவரிலிருந்து ஏறக்குறைய 3¾ அடியில், அதாவது அறை நீளத்தில் 38 சதவீதத்தில், வர வேண்டும். இடப்பக்கச் சுவருக்கும் வலப்பக்கச் சுவருக்கும் ஒரே தூரம் இருக்கட்டும். ஒரு பக்கம் பீரோ, மறுபக்கம் ஜன்னல் என்றிருந்தால் ஸ்டீரியோ சாய்ந்துவிடும். முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை, அடிநாதத்தை அது தொடக்கூடச் செய்யாது. இன்சுலேஷன் பொருள் விற்கும் கடையில் ராக்வூல் கிடைக்கும். கன மீட்டருக்கு 48 முதல் 64 கிலோ அடர்த்தியில், 4 இன்ச் கனத்தில், 2-க்கு 4 அடி துண்டுகள் ஆறு வாங்குங்கள். மரச்சட்டத்தில் வைத்துப் பருத்தித் துணியால் நன்றாகப் போர்த்தி, நான்கை மூலைகளில் குறுக்காக நிறுத்துங்கள். மற்ற இரண்டை இருபக்கச் சுவர்களில், 2 இன்ச் இடைவெளி விட்டு மாட்டுங்கள். துணி போர்த்தாமல் விட்டால் நார் தோலில் ஏறி அரிக்கும். கையுறை, மாஸ்க் இல்லாமல் அறுக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் 56 ஹெர்ட்ஸ் முழுக்கச் சரியாகாது. எனவே அடிநாதத்தை மட்டும் ஹெட்போனில் முடிவு செய்யுங்கள். ஒப்பிட, வெளியான நல்ல பாட்டு ஒன்றை ரெஃபரன்ஸ் டிராக்காகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது மாஸ்டர் ஆனது, அதாவது வெளியீட்டுக்காகச் சத்தம் ஏற்றி முடிக்கப்பட்டது, என்பதால் 6 முதல் 8 டெசிபல் குறைத்து, உங்களுடையதும் அதுவும் ஒரே அளவில் கேட்கும்படி ஒப்பிடுங்கள். சத்தம் கூடியதே நல்லதென்று காது ஏமாறும்.

போன் விஷயம் வேறு. போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே வராது, அங்கே 55-ஐ ஏற்றிப் பயனில்லை. பேஸின் மேல் சாட்சுரேஷன் (ஒலியை மெல்லச் சிதைக்கும் எஃபெக்ட்) போட்டால் 110, 165, 220 என்று மேல்நாதங்கள் பிறக்கும். அவற்றைக் கேட்டே மூளை அடிச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும். கிக்கும் பேஸும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் மோதாமல் இருக்க சைட்செயின் வையுங்கள். 128 பிபிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 128 அடி என்ற வேகத்தில், ஒரு அடிக்கு 469 மில்லி செகண்டு. கிக் விழுந்ததும் பேஸ் தாழ்ந்து, 150–200 மில்லி செகண்டில் பழைய அளவுக்குத் திரும்பட்டும். அதைவிட நீண்டால் பேஸ் மூச்சு வாங்கும், குறைந்தால் சைட்செயின் இருந்தும் பயனில்லை. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ, அதாவது இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி.

மாஸ்டரை எத்தனை லஃப்ஸில் முடிக்க வேண்டும்? ஸ்பாட்டிஃபைக்கு மைனஸ் 14 என்கிறார்களே?
– வாசகர், சேலம்

லஃப்ஸ் என்பது பாட்டின் சராசரி சத்த அளவு. ஸ்பாட்டிஃபை மைனஸ் 14-க்குச் சமப்படுத்தி ஒலிக்கிறது, அவ்வளவுதான். அதே அளவில் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிளப்பில் டிஜே வாசிக்கும் டெக்னோ, ஹவுஸ் டிராக்குகள் மைனஸ் 8, மைனஸ் 7 வரை போகும். ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்ச அளவு) மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல், கிக்கின் அடி மழுங்காமல் எவ்வளவு வருகிறதோ அதுவே அளவு.

என் லேப்டாப்பில் எட்டு பார் லூப்கள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றுகூட முழு டிராக் ஆகவில்லை. என்ன குறை?
– வாசகர், மதுரை

எங்களைக் கேட்டால், இந்தத் துறையில் தேறுகிறவரையும் தேறாதவரையும் பிரிப்பது இந்த ஒன்றுதான். நல்ல லூப், அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கும் சிறு துண்டு, போடுகிறவர்கள் ஏராளம். முடிக்கிறவர்கள் கொஞ்சம்.

ஒரு பாருக்கு நான்கு அடி, ஆகவே 128 பிபிஎம்மில் ஒரு நிமிஷத்துக்குச் சரியாக 32 பார். உங்கள் எட்டு பார் 15 செகண்டுதான். அதிலே கிக், பேஸ், கார்டு, லீட் எல்லாம் ஒன்றாக ஒலிப்பதால் டிராக்கின் உச்சக் கட்டத்தையே நீங்கள் முதலில் செய்து முடித்துவிட்டீர்கள். மேலே சேர்க்க ஒன்றும் இல்லை என்பதால் கை நின்றுவிடுகிறது. இனிச் சேர்க்காதீர்கள், எடுங்கள்.

அந்த லூப்பை 160 பாருக்கு, அதாவது ஐந்து நிமிஷத்துக்கு, நகலெடுத்துப் பரப்புங்கள். முதல் 32 பாரில் கிக், ஹை-ஹாட், இன்னும் ஒரு தாளவாத்தியம் மட்டும் விட்டு மற்றதை அழியுங்கள். டிஜே முந்தைய பாட்டோடு கலக்க அந்த ஒரு நிமிஷம் வேண்டும். 33-லிருந்து 64 வரை பேஸும் கார்டின் சாயலும். 65-ல் கிக்கை எடுத்துவிட்டு 16 பார் பிரேக். 81-லிருந்து 96 வரை பில்டு: கார்டின் மேல், உயர் ஒலிகளை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டரை 300 ஹெர்ட்ஸிலிருந்து 8 கிலோஹெர்ட்ஸ் வரை மெல்லத் திறந்துகொண்டே போங்கள். கடைசி ஒரு அடியில் முழு அமைதி. 97-ல் உங்கள் லூப் முழுசாக இறங்கட்டும், 32 பார். மீதி 32 பாரில் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எட்டு பாருக்கு ஒருமுறை சின்ன மாற்றம், பதினாறுக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று உள்ளே வரவோ வெளியே போகவோ வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. சின்த்தின் குமிழ்கள் திறந்தே இருக்கிறவரை திருகிக்கொண்டே இருப்போம். ஒலி பிடித்ததும் அதை ஆடியோ ஃபைலாக மாற்றி (பவுன்ஸ்), சின்த்தை மூடிவிடுங்கள். ஒலி உருவாக்கும் நாள் வேறு, டிராக் அடுக்கும் நாள் வேறாக இருக்கட்டும். பிடித்த டிராக் ஒன்றை மென்பொருளில் இழுத்துப் போட்டு, எங்கெங்கே என்ன மாறுகிறது என்று மார்க்கர் வைத்துப் பார்ப்பது எந்தப் பாடத்தையும்விடச் சீக்கிரம் கற்றுத்தரும்.

பறையை டெக்னோவோடு சேர்க்க ஆசை. பதிவு செய்து போட்டால் கிக்கோடு ஒட்டாமல் தனியே ஓடுகிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பறையின் பல அடிகள் மும்மூன்றாக நடப்பவை. டெக்னோவின் கட்டம் நாலுநாலாகப் பிரிந்தது. நீங்கள் ஒரு அடியை நான்காகப் பிரிக்கும் பதினாறின் கட்டத்தில் குவான்டைஸ் செய்திருப்பீர்கள், அதாவது அடிகளைக் கட்டத்தோடு பொருத்தியிருப்பீர்கள், அதனால்தான் நடை நொண்டுகிறது. கட்டத்தை, ஒரு அடியை மூன்றாகப் பிரிக்கும் எட்டின் ட்ரிப்லெட்டுக்கு மாற்றுங்கள். 128-ல் ஒரு கிக்குக்கு மூன்று அடி, ஒவ்வொன்றும் 156 மில்லி செகண்டு. குவான்டைஸை 100 சதவீதம் இழுக்காமல் 60-ல் நிறுத்துங்கள், வாசிப்பவரின் கை அதில் தெரியும்.

பதிவிலும் ஒரு சங்கதி. தோலைத் தீயில் காய்ச்சியதும் ஒலி ஏறி நிற்கும், ஆற ஆற இறங்கும். காய்ச்சிய உடனே ஒரு தனி அடி, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதே அடி என்று பதிந்து ஒப்பிடுங்கள். இறங்கிவிட்டால் மறுபடி காய்ச்சச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் டேக்கும் கடைசி டேக்கும் வெவ்வேறு கருவிபோல ஒலிக்கும். மைக் மூன்றடி தள்ளி, உச்சம் மைனஸ் 12 டெசிபல். மெல்லியது, நடுத்தரம், பலமானது என மூன்று வகை அடியிலும் ஆறாறு பதிந்துகொள்ளுங்கள். ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப வந்தால் இயந்திரத் துப்பாக்கிபோலக் கேட்கும். மிக்ஸில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி அதைக் கிக்குக்கு விட்டுவிட்டு, கிளாப்பை எடுத்துவிடுங்கள். பறை இருக்கும் இடத்தில் கிளாப்புக்கு வேலை இல்லை. வாசித்தவருக்குக் கூலியை முன்பே பேசி, டிராக்கில் அவர் பெயரைப் போடுங்கள்.

பழைய சினிமாப் பாட்டின் நான்கு செகண்டு குரலை எடுத்து ரீமிக்ஸ் செய்யலாமா?
– வாசகர், சென்னை

அனுமதி இல்லாமல் வெளியிட முடியாது. இத்தனை செகண்டு வரை பரவாயில்லை என்ற சட்டம் எதுவும் இல்லை. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆகவே 1960-ல் வந்த தட்டின் ஒலிப்பதிவு உரிமை முடிந்திருந்தாலும் மெட்டின் உரிமை உயிரோடு இருக்கலாம். பாடகர் ஒருவரைப் புதிதாகப் பாடவைத்து, சொந்த மெட்டில் பதிந்து, அந்தப் பழைய ஒலியின் சாயலை டேப் சாட்சுரேஷனிலும் 300–4000 ஹெர்ட்ஸ் வடிகட்டலிலும் கொண்டுவாருங்கள்.

ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா? பணம் எங்கிருந்து வரும்?
– வாசகர், திருச்சி

ஸ்ட்ரீமிங்கை நம்பி வேலையை விடாதீர்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் முந்தைய 12 மாதத்தில் 1,000 முறைகூட ஒலிக்காத டிராக்குக்கு ராயல்டி கிடையாது. மாதச் செலவுக்குக் காசு வருவது விளம்பரம், குறும்படம், கேம் ஆகியவற்றுக்கான இசை, பிறர் பாடல்களை மிக்ஸ் செய்வது, நேரடி நிகழ்ச்சி ஆகியவற்றிலிருந்துதான். இவற்றில் குறைந்தது இரண்டு நிலையாகக் கைக்கு வந்த பிறகு ராஜினாமாவை யோசியுங்கள்.

வெளியிடும்போது, டிராக்கைத் தளங்களில் ஏற்றித்தரும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஒவ்வொரு டிராக்குக்கும் அதன் தனி அடையாளமான ஐ.எஸ்.ஆர்.சி. எண் வாங்குங்கள். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்குக் கோர, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே டிராக் ஏறியிருப்பது நல்லது. இசையமைப்பாளராக, ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பின் இசையமைத்தவர் தன் ராயல்டிப் பங்கைச் சட்டப்படி வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே மாற்றித் தரலாம், லேபிளுக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது.

லேபிளுக்கு டெமோ அனுப்பும்போது முடிந்த டிராக் ஒன்றோ இரண்டோ போதும். ஃபைலை மெயிலில் இணைக்காமல் தனிப்பட்ட ஸ்ட்ரீமிங் லிங்காக அனுப்புங்கள். அந்த லேபிள் கடைசியாக வெளியிட்ட பத்து டிராக்குகளைக் கேட்டு, உங்களுடையது அவற்றின் பக்கத்தில் ஒலிக்குமா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். வெளியிட உங்களிடமே பணம் கேட்கிற லேபிளுக்குப் பதில் எழுத வேண்டாம். ஒப்பந்தம் வந்தால் காலமும் இடமும் எங்கே இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் நம் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 'உலகம் முழுக்க, நிரந்தரமாக' என்ற வரியை ஏதாவது ஒரு பத்தியின் நடுவில் செருகியிருப்பார்கள். அதை அடித்துவிட்டு, 'இத்தனை ஆண்டு' என்று எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.