பொங்காத மாவு, பாதியில் நின்ற பியர்

கேள்வி: வணக்கம் அம்மா. மார்கழி பிறந்ததிலிருந்து இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு அரைத்து வைத்தால் காலை ஆறு மணிக்கு வைத்தது வைத்தபடி கிடக்கிறது. குண்டு அரிசி நாலு, முழு உளுந்து ஒன்று, கொஞ்சம் வெந்தயம். கிரைண்டரில் ஐஸ் தண்ணீர் தெளித்துத்தான் அரைக்கிறேன். எனக்குக் கைராசி இல்லை என்கிறார் அத்தை. ஆப்ப சோடா போடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கைராசிப் பேச்சை முதலில் மனதிலிருந்து எடுத்துப் போடுங்கள். மாவைப் புளிக்க வைக்கிற பாக்டீரியா பெரும்பாலும் உளுந்தோடுதான் வருகிறது. அதில் முக்கியமானது லூகோநாஸ்டாக். லாக்டிக் அமிலம், கரியமில வாயு இரண்டையும் அது உண்டாக்கும். அமிலம் புளிப்பைத் தரும், வாயு மாவைத் தூக்கும்.

காலையில் சோடா டப்பாவைத் தேடுவதற்கு முன் ஒரு கரண்டியை ஓரமாக விட்டு, அடி மாவை மெதுவாகத் தூக்கி மோந்து பாருங்கள். பச்சை உளுந்து வாடை அடித்து, குமிழே இல்லாமல் வழவழவென்று விழுந்தால் புளிப்பு இன்னும் தொடங்கவே இல்லை. புளித்த வாசனை வருகிறது, கரண்டி பட்ட இடத்தில் சின்னச் சின்னக் கண்ணாகக் குமிழ் உடைகிறது, ஆனால் மாவு எழும்பவில்லை என்றால் வாயு வந்துவிட்டது, அதைப் பிடித்து வைக்க உளுந்துக்குத் தெம்பில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதல் வகைக்குக் காரணம் குளிர். 30 டிகிரி வாக்கில் ஒரே ராத்திரியில் பொங்குகிற மாவுக்கு, நம் பக்கம் மார்கழியில் 21, 22 டிகிரிக்கு இறங்கும்போது 16 மணி நேரம்கூடப் பிடிக்கலாம். ஐஸ் தண்ணீரெல்லாம் சித்திரை வெயிலுக்குச் சரி, இப்போது அதை விட்டுவிட்டுச் சாதாரணத் தண்ணீரிலேயே அரையுங்கள், மாலை நாலு மணிக்கே அரைத்துவிட முடிந்தால் இன்னும் நல்லது. இன்றைக்குப் பொங்காமல் நிற்கிற மாவில், பழைய மாவு இருந்தால் இரண்டு கரண்டி கலந்து, பாத்திரத்தை மூடி, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் உள்ள அண்டாவுக்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், புளிக்க வைக்கிற உயிரே செத்துப்போகும். நாலைந்து மணி நேரத்தில் அசைவு தெரியும்.

இரண்டாவது வகைதான் நம் ஊரில் பலரும் கவனிக்காதது. டெல்டாவில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, ஈரம் காயாத வயலில், நிற்கிற பயிருக்கு நடுவே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள்; அது பங்குனி, சித்திரையில் கைக்கு வரும். மார்கழியில் நீங்கள் வாங்குவது அந்த உளுந்தென்றால் அதற்கு எட்டு ஒன்பது மாத வயது. குளிரும் பழைய உளுந்தும் ஒரே மாதத்தில் வந்து சேர்கின்றன! பழைய உளுந்து பந்து பந்தாக எழும்பாது, கொழகொழப்பும் குறையும். அரைத்த உளுந்தில் ஒரு கிள்ளு எடுத்து டம்ளர் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் போதும், மூழ்கினால் இன்னும் கொஞ்ச நேரம், தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஓட்டுங்கள். அப்படியும் மூழ்கினால் அளவை மூன்றரைக்கு ஒன்று என்று மாற்றுங்கள், கடையையும் மாற்றிப் பாருங்கள். மாவை நீர்க்கக் கரைத்தாலும் வாயு நிற்காது.

சோடா வேண்டாம். மாவை உப்ப வைக்கும், புளிக்க வைக்காது. வாயில் வைத்ததுமே தெரிந்துவிடும்.

கேள்வி: மன்னார்குடியில் மாவு அரைத்து விற்கிறேன். கனடாவில் இருக்கும் அண்ணன் மகன் அங்கே வீட்டிலேயே, தன் உபயோகத்துக்கு, ஏல் வகைப் பியர் காய்ச்சியிருக்கிறான். ஐந்தாம் நாளே குமிழி நின்றுவிட்டதாம். சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று அடர்த்தியை வைத்துக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.050-ல் தொடங்கி 1.024-ல் நிற்கிறதாம். "சித்தப்பா, புளிக்க வைக்கிறதுதானே உங்க தொழில், வழி சொல்லுங்க" என்கிறான்.
– வாசகர், மன்னார்குடி

பதில்: நம் மாநிலத்தில் வீட்டில் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அதனால் இந்தப் பதில் கனடாவில் இருக்கும் தம்பிக்கு மட்டும்.

குமிழி நின்றதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், மூடி சரியாகப் பொருந்தாமல் வாயு வேறு வழியில் போயிருக்கலாம். ஹைட்ரோமீட்டரைத்தான் நம்ப வேண்டும், அதுவும் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்து. இரண்டிலும் 1.024 என்றால் நின்றது உண்மைதான், ஏனென்றால் இந்த மாதிரி பியர் பொதுவாக 1.012 வாக்கில் போய் முடியும்.

அங்கேயும் முதல் சந்தேகம் குளிர்தான். ஏல் ஈஸ்ட்டுக்குப் பொதுவாக 18 முதல் 22 டிகிரி வேண்டும். நிலவறையில் வைத்திருந்தால் ஈஸ்ட் சுருண்டு அடியில் படிந்திருக்கும். கலனைச் சூடான அறைக்கு மாற்றி, மூடியைத் திறக்காமல் மெதுவாகச் சுழற்றி அடியில் கிடப்பதைக் கிளப்பிவிடச் சொல்லுங்கள். தளும்பி காற்று கலந்தால் பியர் கெடும். மூன்று நாலு நாள் பொறுத்து மறுபடி அளக்கட்டும்.

அதற்கும் அசையாவிட்டால் ஒரு டம்ளர் பியரைத் தனியாக எடுத்து, தாராளமாக ஈஸ்ட் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு நாள் வைக்கட்டும். டம்ளரில் ஹைட்ரோமீட்டர் அளவு இறங்கினால் கலனுக்கும் புது ஈஸ்ட் வேண்டும், பாக்கெட்டைப் பிரித்து அப்படியே கொட்டாமல் கொஞ்சம் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சாற்றில் நுரைக்கவிட்டு ஊற்ற வேண்டும். டம்ளரிலும் இறங்காவிட்டால் ஈஸ்ட்டைக் குறை சொல்ல முடியாது. மால்ட்டை ஊறவைத்தபோது சூடு 70 டிகிரியை ஒட்டிப் போயிருந்தால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை நிறைய உண்டாகியிருக்கும். அந்தப் பியர் கொஞ்சம் தித்திப்பாகத்தான் இருக்கும், அப்படியே குடிக்கலாம்.

இது தெரிகிற வரைக்கும் பாட்டிலில் அடைக்கவே கூடாது என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். மிச்சச் சர்க்கரை பாட்டிலுக்குள் புளிக்கத் தொடங்கினால் கண்ணாடி வெடித்துச் சிதறும்.