பி0420 வந்தாலே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: என்னுடையது 2015 மாடல் பெட்ரோல் கார், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேனர் போட்டால் பி0420 என்று வந்தது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்ற 42,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வண்டி என்னவோ நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்:

இந்த வாரம் மாற்றாதீர்கள். என் வண்டியில் இதே கோடு (code, பழுதைச் சொல்லும் குறியீடு) இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் முறை 350 ரூபாயில் முடிந்தது. இரண்டாம் முறை கன்வெர்ட்டர் நிஜமாகவே போயிருந்தது, அதைக் கொன்றதும் நான்தான். இரண்டு கதையையும் சொல்கிறேன், உங்களுடையது எந்தப் பக்கம் சேர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் அந்தக் கோடு எதைப் பார்த்து வருகிறது என்று தெரிய வேண்டும். கன்வெர்ட்டர் என்பது புகை போகும் பைப்பில் உட்கார்ந்து புகையின் நச்சைக் குறைக்கும் டப்பா. அதற்கு முன்னால் ஓர் ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் இன்னொன்று. நடுவில் இருக்கும் டப்பாவுக்குள் பீங்கானில் செய்த தேன்கூடு. ஒரு சதுர அங்குலத்துக்கு 400 ஓட்டை வாக்கில் இருக்கும், இடியாப்ப அச்சின் ஓட்டையெல்லாம் இதற்கு முன்னால் பெரிது. அந்தச் சுவர்களில்தான் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் பூசியிருக்கிறது. கூடவே சீரியம் ஆக்சைடு என்று ஒன்றும் இருக்கும். புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சினால் பிடித்து வைத்துக்கொள்ளும், குறைந்தால் எடுத்து விடும். அதனால் முன் சென்சார் எவ்வளவுதான் ஏறி இறங்கினாலும் பின் சென்சார் அமைதியாக இருக்கும். என்றைக்குப் பின் சென்சாரும் முன்னதைப் போலவே ஆட ஆரம்பிக்கிறதோ, அன்றைக்கு வண்டியின் கம்ப்யூட்டர் பி0420 போடுகிறது. அது கார்பன் மோனாக்சைடை அளப்பதில்லை, தேன்கூட்டைத் திறந்து பார்ப்பதும் இல்லை. பின் சென்சார் ஏன் ஆடுகிறது என்ற கேள்வியை உங்களிடம் விட்டுவிடுகிறது.

சரி, முதல் கதை. கோவையில் ஒரு சர்வீஸ் சென்டரில் எனக்கும் இதே பதில்தான் கிடைத்தது, தொகை மட்டும் 38,000. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு, அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. "வண்டிய இங்கயே உட்டுட்டுப் போங்க தம்பி, காலைல சூடில்லாம பாக்கறேன்" என்றார். மறுநாள் காலை என்னையே ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, பழைய துணியைச் சுருட்டிச் சைலன்சர் வாயில் லேசாக அமுக்கிப் பிடித்தார். பானெட்டுக்குள்ளிருந்து 'சிக் சிக் சிக்' என்று ஒரு சத்தம். எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் மேனிஃபோல்டும் பைப்பும் சேரும் இடத்தில், புகை கசியாமல் அடைக்க ஒரு பேக்கிங் உண்டு. அதன் ஓரமாக விரல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. "ஏனுங் தம்பி, பேக்கிங் ஊதுது. இதுக்குப் போயி நாப்பதாயிரமா?"

ஊதினால் புகை வெளியே தானே போக வேண்டும், சென்சாருக்கு என்ன வந்தது என்று எனக்கும் அப்போது புரியவில்லை. புகை ஒரே சீராக வருவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவில் அழுத்தம் சட்டென்று இறங்கும், அந்த நொடியில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். இல்லாத ஆக்ஸிஜன் சென்சாருக்கு இருப்பதாகத் தெரியும். எஞ்சின் சூடானதும் இரும்பு விரிந்து ஓட்டை பாதி அடைபட்டுவிடும், சத்தமும் நின்றுவிடும். மதியம் கொண்டுபோய் விட்டால் யாருக்கும் கேட்காது. காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் கேட்க வேண்டும். பேக்கிங் 150, கூலி 200. ஸ்கேனரில் பி0420ஐ அழித்துவிட்டு ஓட்டினேன், ஒன்றரை வருடம் விளக்கு வரவில்லை.

நீங்களும் இதிலிருந்தே ஆரம்பியுங்கள். கரிக்கோடு இருக்கிறதா என்று முன் சென்சாரிலிருந்து பின் சென்சார் வரைக்கும் ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். துணி வைக்கும் வேலையை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில், சில நொடிகளுக்கு மட்டும் செய்ய வேண்டும்.

ஊதல் இல்லை என்றால் அடுத்தது சென்சார் கணக்கு. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும், அதில் செருகும் புளூடூத் அடாப்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. என்னுடையது 700 ரூபாய். போனில் அதற்கான ஆப்பைப் போட்டு, ஓ2 பேங்க் 1 சென்சார் 1 (முன்னது), சென்சார் 2 (பின்னது) இரண்டையும் வரைபடமாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஓர் இருபது நிமிடம் நன்றாக ஓட்டிவிட்டு வந்து பார்க்க வேண்டும். 250, 300 டிகிரி சூடு ஏறினால்தான் கன்வெர்ட்டர் வேலையே தொடங்கும், ஆறிய வண்டியில் எல்லாக் கன்வெர்ட்டரும் செத்ததுபோலத்தான் தெரியும். ஆக்சிலரேட்டரை 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டால் முன்னது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் ஓயாமல் ஆடும். பின்னது 0.6, 0.7 பக்கம் கோடு போட்டதுபோல நிற்க வேண்டும். பின்னதும் முன்னதற்கு ஈடாக ஆடினால் தேன்கூடு பலவீனமாகிவிட்டது என்று கிட்டத்தட்ட நம்பலாம். ஒரு விஷயம்: சில வண்டிகளில் முன்னால் இருப்பது வேறு வகை, ஏர் ஃபியூயல் சென்சார். அது இந்தக் கணக்கில் ஆடாது. அதைப் பார்த்துக் குழம்பாமல் பின்னதை மட்டும் கவனியுங்கள்.

இங்கே பலர் செய்யும் செலவு ஒன்று உண்டு. "முதல்ல பின் சென்சார மாத்திப் பாப்போம்" என்று ஆரம்பிப்பார்கள். யோசித்துப் பாருங்கள், வயதாகி மந்தமான சென்சார் ஆடாது, படுத்துக்கிடக்கும். அது கெட்ட கன்வெர்ட்டரை நல்லதாகக் காட்டுமே தவிர நல்லதைக் கெட்டதாகக் காட்டுவது அபூர்வம். சென்சாருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் காசு வேண்டாம். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் 0.8க்கு மேல் எகிற வேண்டும். ஓட்டத்தில் கியரோடு காலை எடுத்தால் பெட்ரோல் நின்று 0 பக்கம் விழ வேண்டும். இரண்டும் நடந்தால் சென்சார் மேல் பழி போடாதீர்கள்.

அதே ஆப்பில் ஃபியூயல் ட்ரிம் என்று ஒரு எண் இருக்கும், வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று அது காட்டும். நீண்டகால ட்ரிம் பத்து சதவீதத்தைத் தாண்டி, கூட்டலிலோ கழித்தலிலோ நின்றால், எஞ்சின் பக்கமே ஏதோ சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் கன்வெர்ட்டரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இப்போது இரண்டாம் கதை, கொஞ்சம் வெட்கத்தோடு. ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு குன்னூர் கிளம்பினோம். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டி குலுங்கியது, செக் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டியது. நிலையாக எரியவில்லை, சிமிட்டியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும், இதே தளத்தில் யாருக்கோ எழுதியும் இருக்கிறேன். சிமிட்டினால் ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, எரியாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது என்று அர்த்தம். ஓரமாக நிறுத்த வேண்டும். பின் சீட்டில் அம்மா, மாமியார், இரண்டு குழந்தைகள், மடியில் புளிசாதத் தூக்கு. பர்லியாறில் நிறுத்தி டீ குடித்தோம், மறுபடி ஏறினோம். மலையேறி, இறங்கி, ஊர் வந்து, அடுத்த வாரம் முழுக்க ஆபீசுக்கும் அதிலேயே போனேன். அப்புறம்தான் ஸ்கேனர் போட்டேன்: பி0303. மூன்றாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பொருள், காரணம் அதற்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில். மாற்றியதும் குலுக்கல் நின்றது, நானும் மறந்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து பி0420 திரும்ப வந்தது. இந்த முறை கூடவே பிக்கப்பும் போய்விட்டது. மேம்பாலம் ஏறினால் மூன்றாவது கியரிலும் முனகியது, ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த இரைச்சல் மட்டும் கூடியது. மெக்கானிக் அண்ணன் லிஃப்ட்டில் ஏற்றி, ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டர் டப்பாவை மெதுவாகத் தட்டினார். டின்னில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினதுபோல ஒரு சத்தம். என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஆனாலும் சோதிக்காமல் கழற்றவில்லை. முன் சென்சாரை 22 ஸ்பேனரில் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜைத் திருகினார். ஐடிலில் ஒன்றரை பிஎஸ்ஐக்குள்ளும், 2,500 ஆர்பிஎம்மில் மூன்றுக்குள்ளும் இருந்தால் அடைப்பு இல்லை என்பது பொதுவான கணக்கு. எனக்கு 2,500இல் ஏழு. கேஜ் இல்லாத கடையில் இன்னொரு வழி செய்வார்கள்: சென்சாரைக் கழற்றிய ஓட்டையோடே எஞ்சினை ரேஸ் பண்ணிப் பார்ப்பது. காது கிழியும், ஆனால் போன உயிர் திரும்பி வந்ததுபோல எஞ்சின் துள்ளினால் அடைப்பு அங்கேதான். டப்பாவைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் தேன்கூட்டில் மூன்றில் ஒரு பங்கு உருகி, வெல்லப்பாகை ஊற்றி ஆறவிட்டதுபோலப் பளபளவென்று இறுகிக் கிடந்தது. மீதி உடைந்து உருண்டது.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதைத்தான். கன்வெர்ட்டர் தானாகச் சாவது குறைவு, பெரும்பாலும் ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. என்னுடையதை மிஸ்ஸிங் கொன்றது. சிலருக்கு எஞ்சின் ஆயில் குடிக்கும், ஆயிலில் உள்ள பாஸ்பரசும் துத்தநாகமும் தேன்கூட்டின் மேல் படிந்து மூடிவிடும். ஹெட் கேஸ்கட் லீக்காகி கூலண்ட் உள்ளே போனாலும் அதே கதி. கொன்றதைப் பிடிக்காமல் புதிதை மாட்டினால் அதையும் கொன்றுவிடும். அதனால் 92,000 கி.மீ. ஓடிய உங்கள் வண்டியில் நான் கேட்கும் முதல் கேள்வி: இரண்டு சர்வீசுக்கு நடுவில் ஆயில் எவ்வளவு குறைகிறது? டிப்ஸ்டிக்கைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது?

பழைய மெக்கானிக்குகளின் கைப்பழக்கம் ஒன்றையும் கவனியுங்கள். எஞ்சின் ஓடும்போதே பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். அம்பாசடர் காலத்தில் அருமையான வித்தை. அப்போது கன்வெர்ட்டரே கிடையாது. சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது 1995 ஏப்ரலில்தான். இன்றைய வண்டியில் அப்படிப் பிடுங்கினால் பிடுங்கிய நேரம் முழுக்கப் எரியாத பெட்ரோல் உள்ளே போகிறது. தள்ளி ஸ்டார்ட் செய்வதையும் அதே காரணத்துக்காகத்தான் வண்டிப் புத்தகத்தில் வேண்டாம் என்கிறார்கள்.

உங்கள் வண்டி நன்றாக ஓடுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் அடைப்பு இல்லை, அவசரமும் இல்லை. புகைச் சான்றிதழ் எடுக்கும்போது எண்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிஎஸ்4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் வரை அனுமதி. நல்ல கன்வெர்ட்டர் அந்த எல்லையின் பக்கத்திலேயே வராது. எல்லையை ஒட்டியோ தாண்டியோ நின்றால்தான் சந்தேகம் வலுக்கிறது. அகச்சிவப்புத் தெர்மாமீட்டரால் முன்னும் பின்னும் சூடு பார்ப்பதை யூடியூபில் நிறையக் காட்டுகிறார்கள். எஞ்சின் ஒழுங்காக எரித்தால் கன்வெர்ட்டருக்கு எரிக்க மிச்சமே இருக்காது, சூட்டு வித்தியாசமும் தெரியாது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் பாட்டில் உருகியதையும் உடைந்ததையும் ஒட்டவைக்காது. "உள்ள இருக்கறதக் குத்தி எடுத்துட்டு வெறும் டப்பாவ மாட்டிரலாம், மைலேஜ் கூடும்" என்றும் ஒருவர் சொல்வார். சட்டப்படி தப்பு, விளக்கு அணையாது, பின்னால் வருபவர் அதைச் சுவாசிக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்னால் வாரண்டிப் புத்தகத்தில் எமிஷன் வாரண்டி என்று தனிப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மாடலுக்கு மென்பொருள் திருத்தம் ஏதும் வந்திருக்கிறதா என்றும் கம்பெனி சர்வீசில் கேளுங்கள், சில மாடல்களில் பி0420 அதோடு தீர்ந்திருக்கிறது.

எல்லாம் பார்த்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றானால், பழைய டப்பாவை என் டிக்கியில் வையுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதில் மிச்சமிருக்கும் உலோகத்துக்கு விலை உண்டு. உருகிப்போன என்னுடையதையே பழைய இரும்புக் கடைக்காரர் மூவாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார்.

சென்சார் 2 என்ன காட்டுகிறது என்று ஆப்பில் ஒரு படம் பிடித்துக் கீழே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.