தேவதைப் பட்டம் வேண்டாம்

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அவள் பக்கத்தில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் உட்காருகிறான். பாடப் பக்கத்தைத் திறந்து கொடுப்பது, மணி அடிக்கும் முன் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்வது என எல்லாம் இவள்தான் செய்கிறாள். "உங்க பொண்ணு ஒரு தேவதை" என்கிறார் டீச்சர். பெருமைதான். ஆனால் இவள் படிப்பு கெடுமோ, அவன் பழக்கங்கள் இவளுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம். இடத்தை மாற்றச் சொல்லலாமா?

– ஒரு தாய்

பதில்: ஒட்டிக்கொள்ள அது என்ன சளியா, காய்ச்சலா? ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. அந்தப் பையன் கையை உதறுகிறான், கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்கிறான் என்றால், பதற்றத்தைத் தணித்துக்கொள்ளவோ பேச்சைப் பிடித்துக்கொள்ளவோ அவனுக்கு அது உதவுகிறது என்று அர்த்தம். உங்கள் மகளும் வீட்டில் ஒருநாள் கையை உதறிப் பார்க்கலாம். பார்க்கட்டுமே, சலித்ததும் விட்டுவிடுவாள்.

படிப்பு விஷயமும் அப்படித்தான். இப்படிச் சேர்ந்து படிக்கும் வகுப்புகளைப் பற்றிய ஆய்வுகள் பொதுவாக மற்றப் பிள்ளைகளின் படிப்பு சரிவதாகக் காட்டவில்லை.

அந்த மணி விஷயத்தை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதைக் கடக்க மனமில்லை. நம் காதில் விழுந்தும் விழாமலும் போகிற ஓசை, ஆட்டிசம் உள்ள பலருக்குத் தாங்க முடியாத வலி. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது சிறப்பு ஆசிரியர்கள் பயிற்சியில் கற்றுக்கொள்ளும் முறை. உங்கள் பெண் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள். நான்காம் வகுப்பில் இதைவிடப் பெரிய பாடம் எதை நடத்திவிடப்போகிறார்கள்?

என் கோபமெல்லாம் டீச்சர் மீதுதான். தேவதைப் பட்டம் கொடுத்தாயிற்று. இனி அந்தப் பிள்ளையால் "இன்னைக்கு என்னால முடியாது" என்று சொல்ல முடியுமா? 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, இப்படிப்பட்ட குழந்தைகள் பொதுப் பள்ளியில் படிக்கத் தேவையான உதவியை அந்தக் கல்வி அமைப்பே தர வேண்டும் என்கிறது. ஒன்பது வயதுப் பெண்ணிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிட்டு, சம்பளத்துக்குப் பதில் பாராட்டு கொடுத்தால் எப்படி? அவள் லீவு போட்ட நாளில் அந்தப் பையனுக்கு மணியைப் பற்றி யார் சொல்கிறார்கள்? இடத்தை மாற்றச் சொல்லாதீர்கள். இந்தக் கேள்வியைப் போய்க் கேளுங்கள்.

இன்னொன்று. விலகி நிற்கும் இரு தரப்பார் பழகினால் மட்டும் மனத்தடை போய்விடாது, சம நிலையில் ஒரே காரியத்தில் இறங்கினால்தான் போகும் என்று கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இல் எழுதினார். அவர் பேசியது இனப் பாகுபாட்டைப் பற்றி. வகுப்பறைக்கும் அது பொருந்தும். எப்போதும் இவளே கொடுத்து அவனே வாங்கினால் அதில் சமம் எங்கே இருக்கிறது? அவனும் இவளுக்கு ஏதாவது செய்யட்டும்: படத்துக்கு வண்ணம் தீட்டலாம், விளையாட்டில் இவள் அணியில் சேரலாம். (அவனுக்குள் ஒரு கணித மேதை ஒளிந்திருக்கிறானா என்று மட்டும் தேடாதீர்கள். ஆட்டிசம் என்றாலே மேதை என்று சினிமா நமக்குப் பழக்கிவிட்டது.)

அப்புறம், இத்தனை எழுதிய நீங்கள் மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள். அவனைப் பிடித்திருக்கிறது என்றால் விடுமுறையில் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அவன் அம்மாவையும் சேர்த்து. விளையாட்டில் இரண்டும் சண்டை போட்டால், "பாவம், விட்டுக்கொடு" என்று மட்டும் நடுவில் புகாதீர்கள்.