சட்டம் படிக்காமல் காப்புரிமை ஆலோசகர் ஆகலாமா?

கேள்வி: உயிர்மருத்துவ அறிவியலில் எம்.எஸ்சி. முடித்து, தண்டையார்பேட்டையில் ஒரு நோயறி பரிசோதனைக்கூடத்தில் பணிபுரிகிறேன். மருந்து நிறுவனங்களுக்குக் காப்புரிமை ஆலோசனை சொல்லும் பணிக்கு மாற விரும்புகிறேன். சட்டப் பட்டமோ முனைவர் பட்டமோ இல்லாமல் முடியுமா?

பதில்: முடியும். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 126ஆம் பிரிவில், 21 வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள் அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் பெற்றுத் தகுதித் தேர்விலும் தேறினால் காப்புரிமை முகவராகப் பதிவு பெறலாம் என்கிறது. அதன்பின் நீங்கள் விண்ணப்பம் எழுதலாம். கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் அதிகாரி முன் வாதிடலாம். விவகாரம் பாரிமுனை உயர் நீதிமன்றத்துக்குப் போனால்தான் வழக்கறிஞர் வேண்டும். முனைவர் பட்டத்தைச் சட்டம் கேட்பதில்லை. சில நிறுவனங்கள் கேட்கும்.

இத்துறையில் உங்கள் ஆய்வக அனுபவத்துக்கு என்ன மதிப்பு என்பதை ஒரு வழக்கே காட்டும். ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்காக நோவார்ட்டிஸ் 1998இல் சென்னையில் அளித்த விண்ணப்பம் 2006இல் மறுக்கப்பட்டது. அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம் பயன்திறனைக் கூட்டினாலொழியக் காப்புரிமை இல்லை என்பது 3(டி) பிரிவு. புதிய படிக வடிவம் எலிகளின் உடலில் 30 விழுக்காடு கூடுதலாகச் சேர்கிறது என்று நிறுவனம் காட்டியது. ஆனால் மருந்தில் பயன்திறன் என்றால் நோயைத் தீர்க்கும் திறனே, இந்தத் தரவு மட்டும் அதை மெய்ப்பிக்காது என்று 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்தச் சோதனை எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல ஆலோசகர். பிரிவு எண்களை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம்.

உங்கள் துறைக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு: நோயறியும் முறைக்கு 3(ஐ) பிரிவின்படி காப்புரிமை கிடையாது, அதற்கான கருவிக்கோ வேதிப்பொருளுக்கோ கிடைக்கலாம்.

தேர்வில் தலா 100 மதிப்பெண்ணுக்கு இரண்டு எழுத்துத் தாள்கள், 50க்கு நேர்முகத் தேர்வு. ஒவ்வொன்றிலும் 50 விழுக்காடும் மொத்தத்தில் 60 விழுக்காடும் வேண்டும். அறிவியல் படித்தவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இரண்டாம் தாளான ஆவண வரைவில்தான். காப்புரிமை அலுவலக இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் ஆவணங்களை எடுத்து, கண்டுபிடிப்பில் எதற்கெல்லாம் உரிமை கேட்கப்படுகிறது என்று சொல்லும் உரிமைகோரல் பகுதியை மறைத்துவிட்டு, அதை நீங்களே எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். தேர்வு ஆண்டுதோறும் தவறாமல் நடப்பதில்லை என்பதால், தேறும்வரை இப்போதைய வேலையை விடவேண்டாம்.