முகாமில் வளரும் மாணவி மருத்துவராக முடியுமா?

கேள்வி: நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளி ஆசிரியர். இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பிளஸ் டூ மாணவி ஒருத்தி மருத்துவம் படிக்க விரும்புகிறாள். முகாமில் சுகாதாரத் தொண்டும் செய்கிறாள். அவளுக்கு என்ன வழி சொல்வது?

பதில்: பெருமாள்புரம் முகாமில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீட் எழுதத் தடையில்லை, வெளிநாட்டவரும் எழுதலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு எம்.பி.பி.எஸ். இடத்துக்கு இந்தியக் குடியுரிமை வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் அதற்குள் அடக்கம். எங்களுக்கு மிஞ்சுவது ஆண்டுக்குப் பல லட்சம் கேட்கும் இடங்கள். பெயின்ட் வேலைக்குப் போகும் அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது? வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பினாலும், இங்கே தொழில் செய்வதற்கான தகுதித் தேர்வுக்கு மறுபடியும் குடியுரிமையோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையோ கேட்பார்கள். எம்.ஜி.ஆர். காலத்தில் மருத்துவக் கல்லூரிகளில் எங்கள் பிள்ளைகளுக்கென்று இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். இப்போது அது இல்லை.

ஆனால் கைவிடுவதற்கு முன் அந்தக் குடும்பத்தின் பழைய காகிதங்களைப் பாருங்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த பிள்ளைகளுக்குச் சட்டம் மிகவும் இறுகிவிட்டது; பெற்றோர் இருவரின் நிலையையும் பார்ப்பார்கள். தாத்தா, பாட்டி இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருந்தவர்கள் என்றால், இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார்களா என்றும் கேளுங்கள். தகரப் பெட்டிக்குள் அந்தக் காகிதம் கிடக்க, இருப்பதே தெரியாமல் வாழும் குடும்பங்கள் உண்டு. எதுவானாலும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் முடிவு செய்ய வேண்டாம்.

அந்தப் பெண் செய்யும் தொண்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் சுகாதாரத் தொண்டர்களுக்குப் பயிற்சி தந்தது. குழந்தையை எடை போடுவது, சோகை பிடித்த கர்ப்பிணியை அடையாளம் காண்பது எல்லாம் அங்கே பழகியவை. அதைவிடப் பெரிய படிப்பு, முதியவர்களுடன் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வந்ததில் கிடைத்தது. வடசேரியில் பஸ் மாறி, ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று உள்ளே போனால் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். பாட்டி எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டுவார். வெளியே வந்ததும், "என்ன பிள்ளை சொன்னவர்?" என்று என்னிடம் கேட்பார். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று விளக்கவே எனக்கு ஒரு பொழுது ஆகும்.

சாரத்திலிருந்து விழும் பெயின்டர்கள் இன்னொரு கதை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாசிகளுக்கு வருமான வரம்பு கிடையாது. ஆனால் அட்டை எடுக்காமலே இருப்பார்கள், விழுந்த பிறகுதான் தேடுவார்கள். உங்கள் மாணவியால் உடனே செய்ய முடிந்த வேலை, வீடு வீடாகப் போய் அந்த அட்டையை எடுக்க வைப்பது.

ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்த மாவட்டத்துக்கு நவீன மருத்துவத்தைக் கொண்டுவந்தவர்களே கடல் கடந்து வந்தவர்கள்தான். நெய்யூரில் மிஷனரி மருத்துவர் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கியது 1838இல். 1922 எவரெஸ்ட் பயணத்தில் போன சோமர்வெல் பிறகு அதே நெய்யூரில் பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்தார். அவர்களிடம் யாரும் குடியுரிமைச் சான்று கேட்டிருக்க மாட்டார்கள்!

என் யோசனை இதுதான்: எம்.பி.பி.எஸ். கதவு திறக்கட்டும் என்று வீட்டில் உட்கார வேண்டாம். நர்சிங், ஆய்வகப் படிப்பு, உடலியக்கச் சிகிச்சை என எதில் இடம் கிடைக்கிறதோ அதில் சேரட்டும். கட்டணத்துக்கு, முகாம் மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை இருக்கிறது. 2021இல் அதை உயர்த்தியும் அறிவித்தார்கள். நர்சிங்கை ஆறுதல் பரிசு மாதிரி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இரவு முழுக்க நோயாளியின் பக்கத்தில் இருப்பது யார்? அதற்காக இதில் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். என்னோடு படித்தவர்கள் குவைத், சவூதி என்று போய்விட்டார்கள். கையில் பாஸ்போர்ட் இல்லாததால் உள்ளூர்ச் சம்பளத்தில் நான் இங்கேயே இருக்கிறேன்.

நீட்டுக்கு உச்ச வயது வரம்பை 2022இல் நீக்கிவிட்டார்கள். நாளைக்குக் குடியுரிமை கிடைத்தால் இருபத்தெட்டு வயதிலும் அவள் எழுதலாம். நானும் அந்த எண்ணத்தை விடவில்லை.

ஆசிரியராக நீங்கள் உடனே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. முகாம் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் அவள் பெயரும் முதலெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிவிட்டால் அதைத் திருத்த அலைவது பெரிய பாடு.