குரோமியத்தை அள்ளிப் போட்டால் போதாதா?

கேள்வி: கடல்நீர் ஓடும் குழாய்க்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டோம். இரண்டே வருடத்தில் வெல்டிங் ஓரமாக ஊசி குத்தியது போல ஓட்டைகள். துருவே பிடிக்காது என்றார்களே? குரோமியத்தை இன்னும் கூட்டினால் சரியாகிவிடாதா?

பதில்: துருவே பிடிக்காத எஃகு என்று ஒன்று கிடையாது, அது விற்பவர்களின் பேச்சு. இந்த எஃகைக் காப்பாற்றுவது மேலே படிந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு தோல்தான், தடிமன் சில நானோமீட்டர். குரோமியம் ஏறக்குறைய 10.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது ஒழுங்காக மூடும், கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைத்தால் தானாகவே வளர்ந்துகொள்ளும். கடல்நீரில் இருக்கும் குளோரைடு அந்தத் தோலை ஏதோ ஓரிடத்தில் துளைத்துவிட்டால் போதும், குழிக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, அமிலம் ஏறி, தோல் மறுபடி வளரவே முடியாமல், வெளியே பளபளவென்று இருக்கும்போதே குழாய் ஓட்டையாகிவிடும். நின்ற தண்ணீரில் இது இன்னும் மோசம்; ஆலை ஓடாத நாட்களில் குழாயை வடித்து வைத்தீர்களா?

ஒரு எஃகு இப்படிக் குழி விழாமல் எவ்வளவு தாங்கும் என்று எடைபோட ஒரு கணக்கு இருக்கிறது: குரோமிய சதவீதம், அதோடு எஃகில் சேர்க்கும் இன்னொரு உலோகமான மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, நைட்ரஜனின் 16 மடங்கு. 316-க்கு ஏறக்குறைய 24 வரும். கடல்நீருக்கு 40-ஆவது வேண்டும் என்பார்கள். இதில் எனக்குப் பிடித்தது நைட்ரஜன்தான், காற்றில் கொட்டிக்கிடக்கும் வாயு, எஃகுக்குள் 0.2 சதவீதம் போனாலே இத்தனை வேலை செய்கிறது.

சரி, குரோமியத்தையும் மாலிப்டினத்தையும் அள்ளிப் போட்டால்? சூட்டில் சிக்மா என்றொரு படிகம் உருவாகும். அது எஃகைக் கண்ணாடி போல நொறுங்க வைப்பதோடு, அக்கம்பக்கத்தில் இருக்கும் குரோமியத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். எதற்காகச் சேர்த்தோமோ அதுவே போச்சு. அள்ளிப் போடாமல், அளவு பார்த்துச் சேர்த்த ரகம் ஒன்று இருக்கிறது: ஃபெரைட், ஆஸ்டினைட் என்ற இரண்டு வகை இரும்புப் படிக அமைப்புகள் பாதிப் பாதியாக இருக்கும் டூப்ளெக்ஸ். 2205 ரகத்தில் குரோமியம் 22, நிக்கல் 5, மாலிப்டினம் 3, கணக்கில் 35. சூப்பர் டூப்ளெக்ஸ் 40-ஐத் தாண்டும். வலிமை 316-ஐப் போல இரண்டு மடங்கு இருப்பதால் மெல்லிய குழாயே போதும், ஆனால் 300 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் ஓட்டக் கூடாது.

அப்புறம் உங்கள் வெல்டிங். 450 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் கார்பன் போய் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு எஃகின் நுண்ணிய படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் கார்பைடாக உட்கார்ந்துவிடும், பக்கத்து இடம் குரோமியம் இல்லாமல் வறண்டுபோகும். கார்பன் 0.03 சதவீதத்துக்குள் இருக்கும் 316எல் ரகம் வந்தது இதற்காகத்தான். வெல்டிங் ஓரத்தில் படியும் நீல, பழுப்பு நிறத்தை அமிலத்தால் கழுவி எடுத்தார்களா என்றும் கேளுங்கள், பல இடங்களில் அதை அழுக்கு என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: இந்த எஃகைக் கண்டுபிடித்தது யார்?

பதில்: ஒரு பெயர் சொன்னால் சண்டை வரும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-இல், துப்பாக்கிக் குழல் தேய்வதைத் தடுக்கப் போய், 12.8 சதவீதக் குரோமிய எஃகை வார்த்தார், சோதனைக்கு ஊற்றிய அமிலம் அதைச் சரியாக அரிக்கவில்லை. அதற்கு முந்தைய வருடமே ஜெர்மனியின் குருப் நிறுவனம் நிக்கலும் சேர்ந்த எஃகுக்குக் காப்புரிமை கேட்டிருந்தது.